யானை ஆடுவது ஆட்டமல்ல: ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்வது ஏன்?

நின்ற இடத்திலேயே இடமும் வலமுமாகத் தலையை ஆட்டிக்கொண்டிருக்கும் யானையின் வீடியோ சில மாதங்களுக்கு ஒரு முறை சுற்றுக்கு வந்துவிடும். பின்னணியில் யாராவது ஒரு பாட்டைச் சேர்த்திருப்பார்கள். 'என்ன அழகாய் ஆடுகிறது' என்று ஒரு கூட்டம் பகிரும். மறுநாள், 'அது ஆட்டமல்ல, அதற்குப் பைத்தியம் பிடித்துவிட்டது' என்று இன்னொரு கூட்டம் வரும். 2022 நவம்பரில் சீனாவின் உள் மங்கோலியாவில், ஒரு பண்ணையின் செம்மறியாடுகள் நாள்கணக்கில் வட்டமாகச் சுற்றிய காட்சி பரவியபோதும் இப்படித்தான் ஆனது. நோய் என்றார்கள், அடைத்துவைத்ததன் விளைவு என்றார்கள், அபசகுனம் என்றவர்களும் உண்டு.

வெளியிலிருந்து பார்க்க ஒன்றுபோல் இருக்கும் அசைவுகளுக்குப் பின்னே வெவ்வேறு காரணங்கள் இருப்பதால்தான் இவ்வளவு குழப்பம். அதனால் பெயரிலிருந்தே தொடங்க வேண்டியிருக்கிறது.

## எதை இந்தப் பெயரால் அழைக்கிறார்கள்?

விலங்கு நடத்தை ஆய்வாளர்கள் இதை ஸ்டீரியோடைப்பி என்கிறார்கள். இங்கே 'மாறாச் செய்கை' என்று வைத்துக்கொள்வோம். பழைய வரையறையில் மூன்று அடையாளங்கள் இருந்தன:

1. திரும்பத் திரும்ப நடக்க வேண்டும்.
2. ஒவ்வொரு முறையும் கிட்டத்தட்ட அச்சு அசலாக நடக்க வேண்டும்.
3. பார்ப்பவருக்கு அதில் நோக்கமோ பயனோ புலப்படக் கூடாது.

இரண்டாவது அடையாளம் எவ்வளவு கறாரானது என்பதை ஒரு கூண்டின் முன் பத்து நிமிடம் நின்றாலே பார்த்துவிடலாம். நடந்துகொண்டேயிருக்கும் கரடி அதே மூலையில், அதே பக்கமாகத் தலையைத் தூக்கித் திரும்பும். முன்னங்கால் போன முறை பட்ட இடத்திலேயே மறுபடி படும். மண் தரையென்றால் அந்த இடங்கள் மட்டும் குழிந்திருக்கும். விலங்கு வெளியே இல்லாத நேரத்தில்கூட, தரையைப் பார்த்தே அது எந்த வழியில் நடக்கிறது என்று சொல்லிவிடலாம்.

தகராறு மூன்றாவது அடையாளத்தில்தான். 'நோக்கமில்லை' என்பது விலங்கைப் பற்றிய செய்தியா, நமக்குத் தெரியவில்லை என்ற ஒப்புதலா? இந்தச் சிக்கல் காரணமாகவே, கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜார்ஜியா மேசன் உள்ளிட்டோர் 2006-இல் வரையறையை மாற்ற முன்மொழிந்தார்கள். விரும்பியதைச் செய்ய முடியாத விரக்தி, நிலைமையைச் சமாளிக்கும் தொடர் முயற்சி, மூளைச் செயல்பாட்டில் கோளாறு ஆகியவற்றில் ஒன்றாலோ பலவற்றாலோ தூண்டப்படும் திரும்பச் செய்தல் என்பது அவர்கள் தந்த விளக்கம். தோற்றத்தை விட்டுவிட்டுக் காரணத்தைப் பிடித்தார்கள் என்பதுதான் இதில் முக்கியம்.

## எதோடு குழப்பிக்கொள்கிறோம்?

1. நோய். லிஸ்டீரியா என்ற பாக்டீரியா மூளையைத் தாக்கினால் ஆடு ஒரே பக்கமாகச் சுற்றும். ஆனால் அப்படிப்பட்ட ஆடு தீவனம் எடுக்காது, முகத்தில் ஒரு பக்கம் தொங்கும், சில நாட்களுக்குள் பெரும்பாலும் இறந்துவிடும். ஒரு பட்டியின் ஆடுகள் எல்லாம் சேர்ந்து பத்து நாளுக்கு மேல் சுற்றுவது அந்தப் படத்துடன் பொருந்தவில்லை. உள் மங்கோலியச் செய்தியில் நோய்தான் என்று சொல்ல நிபுணர்கள் தயங்கியது இதனால்தான்.
2. டிக். கண் சிமிட்டல், தோள் குலுக்கல் போன்ற திடீர் வெட்டசைவுகள். வருவதற்குமுன் உள்ளே ஓர் உந்துதல் எழும், செய்ததும் தணியும். பெரும்பாலும் ஐந்து, ஆறு வயதுவாக்கில் தொடங்கும். மாறாச் செய்கை குழந்தைகளிடம் மூன்று வயதுக்கு முன்பே தெரிந்துவிடும். அது தாளத்தோடு ஓடும், பெரும்பாலும் குழந்தைக்கு அதில் சங்கடமும் இருக்காது.
3. ஓசிடி எனப்படும் எண்ணச் சுழற்சி நோய். கதவு பூட்டியிருக்கிறதா என்று பதினைந்து முறை பார்ப்பவருக்கு ஒரு நோக்கம் இருக்கிறது. பயத்தைத் தணிப்பது அந்த நோக்கம். செய்கைக்குப் பின்னால் ஓர் எண்ணம் நின்று விரட்டுகிறது.

கால் ஆட்டுவதும் பேனாவை 'டிக் டிக்' என்று அழுத்துவதும்? அவையும் இந்தக் குடும்பத்தின் தூரத்துச் சொந்தம்தான். வாழ்க்கையைக் குலைக்காதவரை மருத்துவர்கள் அவற்றுக்குப் பெயர் தேடுவதில்லை.

## எந்த விலங்கு எதைச் செய்கிறது?

அடைபட்ட விலங்குகள் தங்கள் மாறாச் செய்கையை ஏனோதானோவென்று பொறுக்கி எடுத்துக்கொள்வதில்லை. ஊன் உண்ணிகள் நடக்கின்றன. மேய்ச்சல் விலங்குகள் வாயால் எதையாவது செய்கின்றன: கன்று நாக்கைச் சுழற்றும், ஒட்டகச்சிவிங்கி சுவரையும் கம்பியையும் நக்கும். 2001-இல் வெளியான ஓர் ஆய்வில், விலங்குக்காட்சிச் சாலைகளில் உள்ள ஒட்டகச்சிவிங்கி, அதன் உறவினமான ஒகாபி ஆகியவற்றில் சுமார் 80 விழுக்காட்டிடம் ஏதேனும் ஒரு மாறாச் செய்கை இருந்தது. தாயில்லாமல் வளர்ந்த குரங்குக்குட்டி தன்னையே கட்டிக்கொண்டு முன்னும் பின்னும் ஆடும். கிளி தன் இறகைத் தானே பிடுங்கும்.

ஊன் உண்ணிகள் ஏன் நடக்கின்றன? வேட்டையாட முடியாததால்தான் என்று எளிதாகச் சொல்லிவிடலாம். ரோஸ் கிளப்பும் மேசனும் 2003-இல் நேச்சர் இதழில் வெளியிட்ட ஒப்பீடு வேறு விடை தந்தது. காட்டில் அதிகம் வேட்டையாடும் இனங்கள் கூண்டில் அதிகம் நடக்கவில்லை. காட்டில் பரந்த நிலப்பரப்பில் திரியும் இனங்கள்தான் அதிகம் நடந்தன, அவற்றின் குட்டிகள்தான் அதிகம் இறந்தன. பனிக்கரடிக்குக் காட்சிச் சாலையில் கிடைக்கும் இடம், இயற்கையில் அதன் மிகச் சிறிய வாழிடப் பரப்பில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்று அவர்கள் கணக்கிட்டார்கள். இரண்டு மடங்கு, பத்து மடங்கு பெரிய கூண்டு கட்டினாலும் இந்தக் கணக்கு பெரிதாக மாறாது. சில இனங்களை வைத்திருப்பதே சரியா என்று அவர்கள் கேட்டதற்கு அதுதான் காரணம்.

## மணல் கொடுத்தும் தோண்டிய ஜெர்பில்

காரணத்தைத் தவறாகப் பிடித்தால் என்ன ஆகும் என்பதற்கு என்னைக் கேட்டால் இதைவிட நல்ல பாடம் இல்லை.

ஜெர்பில் என்பது வளை தோண்டி வாழும், எலியளவே உள்ள ஒரு பாலைநிலப் பிராணி. ஆய்வகக் கூண்டில் அது மூலைக்குப் போய், முன்னங்கால்களால் பிளாஸ்டிக் தரையைப் பறித்துக்கொண்டேயிருக்கும். தோண்ட மண் இல்லாததால் தோண்டுகிறது என்றுதான் யாருக்கும் தோன்றும். சுவிட்சர்லாந்தில் கிறிஸ்டோஃப் வீடன்மேயர் இதைச் சோதித்து 1997-இல் வெளியிட்டார். ஒரு பிரிவுக் குட்டிகளுக்குத் தோண்டுவதற்கு வேண்டிய மணல் கொடுத்தார். அவையும் மூலையைப் பறித்தன. இன்னொரு பிரிவுக்குத் தோண்ட எதுவும் தரவில்லை, குழாய் போன்ற நுழைவழியோடு கூடிய ஓர் இருட்டறையை மட்டும் செயற்கை வளையாக வைத்தார். அங்கே மூலை பறிக்கும் பழக்கம் உருவாகவில்லை.

அந்தப் பிராணிக்கு வேண்டியிருந்தது தோண்டும் வேலையல்ல, தோண்டி முடித்தபின் கிடைக்கும் வளை. வளை கிடைக்கும்வரை 'தோண்டு' என்ற கட்டளை அணையவில்லை. மணலைக் கொட்டிவிட்டு 'எல்லாம் செய்துவிட்டோம், இன்னும் தோண்டுகிறதே' என்று கைவிரித்திருந்தால் பழி ஜெர்பில் மேல் விழுந்திருக்கும்.

குதிரையின் கதையும் கிட்டத்தட்ட இதேதான். லாயத்தில் சில குதிரைகள் தொட்டியின் விளிம்பையோ மரச்சட்டத்தையோ முன்பற்களால் கவ்வி, கழுத்தை வளைத்துப் பின்னுக்கு இழுத்து, ஏப்பம் போன்ற சத்தத்தோடு காற்றை உறிஞ்சும். பற்கள் சாய்வாகத் தேய்ந்துபோகும் அளவுக்குச் செய்யும். இதைக் கெட்ட பழக்கம் என்றும், பக்கத்துக் குதிரையைப் பார்த்து ஒட்டிக்கொள்வது என்றும் காலங்காலமாகச் சொல்லிவந்தார்கள். பார்த்துப் பழகுகிறது என்பதற்கு வலுவான சான்று இல்லை. பிரிட்டனில் 225 குட்டிகளை நான்கு ஆண்டுகள் பின்தொடர்ந்து 2002-இல் வெளியான ஆய்வு, கையைத் தீவனத்தின் பக்கம் காட்டியது. பால் மறக்கடித்தபின் தானியம் போன்ற அடர்தீவனம் தரப்பட்ட குட்டிகளில் மரம் கவ்வும் பழக்கம் உருவாகும் வேகம் நான்கு மடங்கு. ஒரு நாளில் பதினாறு மணி நேரம்வரை புல் மேய்ந்து, மென்று, எச்சில் சுரக்கும்படி அமைந்த உடல் குதிரையுடையது. தானியத்தை அரை மணி நேரத்தில் தின்று முடித்துவிட்டால் வயிற்றில் அமிலம் மட்டும் மிஞ்சுகிறது. அமிலத்தைத் தணிக்கும் உணவு கொடுத்த குட்டிகளிடம் இந்தப் பழக்கம் குறைந்ததும் பதிவாகியிருக்கிறது.

## மூளைக்குள் எங்கே சிக்குகிறது?

மூளையின் ஆழத்தில் பேசல் கேங்க்லியா என்ற நரம்புத் தொகுதி இருக்கிறது. எந்த அசைவைத் தொடங்குவது, எதை நிறுத்துவது என்று வாசலில் நின்று அனுமதிக்கும் வேலை அதனுடையது. அதில் இரண்டு பாதைகள்: ஒன்று 'செய்' என்று தூண்டும், மற்றொன்று 'போதும்' என்று அடக்கும். டோபமைன் என்ற வேதிப்பொருள் இரண்டின் சமநிலையையும் மாற்றவல்லது. மாறாச் செய்கையில் 'போதும்' சொல்லும் பாதை வலுவிழக்கிறது என்பதே இன்றைய முதன்மையான விளக்கம். ஆய்வகக் கூண்டில் மணிக்கணக்கில் குட்டிக்கரணம் போடும் மான் எலி என்ற இனத்தில், அடக்கும் பாதையின் செயல்பாடு குறைந்திருப்பதை ஃபுளோரிடா பல்கலைக்கழக ஆய்வுகள் காட்டின.

டோபமைனுக்கு இதில் பங்கு உண்டு என்பதற்கு மனிதரிடமிருந்தே கசப்பான ஒரு சான்று கிடைத்தது. ஸ்வீடனில், டோபமைனைக் கூட்டும் ஆம்ஃபெட்டமைன் என்ற போதைப்பொருளுக்கு அடிமையானவர்கள் கடிகாரத்தைக் கழற்றுவதும் மாட்டுவதுமாகவோ, பைக்குள் இருப்பதைக் கொட்டி அடுக்குவதுமாகவோ பல மணி நேரம் கிடந்தார்கள். அவர்களே அதற்கு 'பண்டிங்' என்று பேச்சுவழக்கில் பெயர் வைத்திருந்தார்கள். 1972-இல் அது மருத்துவ இலக்கியத்துக்குள் நுழைந்தது. பிற்பாடு, டோபமைனைக் கூட்டும் மருந்து எடுக்கும் பார்க்கின்சன் நோயாளிகள் சிலரிடமும் அதே நடத்தை தெரிந்தது. அதைச் செய்துகொண்டிருக்கும்போது குறுக்கிட்டால் எரிச்சல்படுவார்கள், அர்த்தமில்லாத வேலை என்று அவர்களே ஒப்புக்கொள்ளவும் செய்வார்கள்.

விலங்கிலும் இந்த 'விட முடியாமை' அசைவோடு நிற்பதில்லை. 2003-இல் அமேசான் கிளிகளிடம் நடத்திய சோதனையில், மாறாச் செய்கை அதிகமுள்ள கிளிகள், தேர்வு செய்யும் ஒரு விளையாட்டிலும் முன்பு செய்த தேர்வையே விடாமல் திரும்பச் செய்தன.

## மனிதரிடம்: நான்கு வேறு கதைகள்

கூண்டு விலங்கைப் பார்த்துவிட்டு நேரே மனிதருக்குத் தாவுவதில்தான் பெரும்பாலான கட்டுரைகள் சறுக்குகின்றன. அசைவு ஒன்றாக இருக்கலாம், கதை ஒன்றல்ல.

1. எல்லாக் குழந்தைகளும். உளவியல் ஆய்வாளர் எஸ்தர் தெலன் 1979-இல் வெளியிட்ட ஆய்வில் 20 கைக்குழந்தைகளை முதல் ஓராண்டு முழுக்கக் கவனித்து, 47 வகைத் தாள அசைவுகளைக் கணக்கெடுத்தார். உதைப்பது, கை தட்டுவது, தவழும் நிலையில் முன்னும் பின்னும் ஆடுவது. தவழ்வதற்குச் சற்று முன்பு இந்த ஆட்டம் கூடும், தவழ வந்ததும் குறையும். தசையும் நரம்பும் ஒத்திகை பார்க்கும் காலம் அது.

2. ஆளில்லாமல் வளர்ந்த குழந்தைகள். 1989-இல் ருமேனியாவின் ஆட்சி கவிழ்ந்தபின் அதன் அநாதை இல்லங்கள் உலகின் கண்ணில் பட்டன. தொட்டில் கம்பியைப் பிடித்து ஆடிக்கொண்டிருந்த குழந்தைகளின் படங்களைப் பலர் பார்த்திருப்பார்கள். 2000-இல் புக்கரெஸ்ட்டில் தொடங்கிய ஆய்வு, இல்லங்களில் இருந்த 136 குழந்தைகளில் பாதிப் பேரைக் குலுக்கல் முறையில் வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பியது. தொடக்கத்தில் 60 விழுக்காட்டுக்கு மேலானவர்களிடம் மாறாச் செய்கை இருந்தது. குடும்பத்துக்குப் போனவர்களிடம் அது குறைந்தது, சீக்கிரம் போனவர்களிடம் இன்னும் நன்றாகக் குறைந்தது. அடைபட்ட விலங்கின் கதைக்கு மிக அருகில் வருவது இதுதான்.

3. ஆட்டிசம். கையைப் படபடவென்று அடிப்பது, சுழல்வது, ஒரே சொல்லைத் திரும்பச் சொல்வது ஆகியவை ஆட்டிசத்தை அறியும் அடையாளங்களில் சேர்ந்தவை. குழந்தை மனநல மருத்துவர் லியோ கானர் 1943-இலேயே இவற்றைக் குறித்துவைத்தார். நல்ல வீட்டில், அன்பான பெற்றோரிடம் வளரும் குழந்தையிடமும் இவை இருக்கும். ஆகவே 'வளர்ப்பு சரியில்லை' என்ற முடிவுக்கு இங்கே இடமே இல்லை. ஆட்டிசம் உள்ள பெரியவர்கள் பலர் இதை 'ஸ்டிம்மிங்' என்கிறார்கள். சத்தமும் வெளிச்சமும் தாங்க முடியாமல் போகும்போது தன்னைத் திரட்டிக்கொள்ளவும், சந்தோஷம் பொங்கும்போது அதை வெளியே விடவும் உதவுகிறது என்று அவர்களே சொல்கிறார்கள். வேடிக்கை பார்ப்பவரின் கூச்சத்துக்காக அதை அடக்கச் சொல்வது எனக்கு நியாயமாகப் படவில்லை. தலையை மோதிக்கொள்வது, கையைக் கடித்துக்கொள்வது போல உடலுக்குக் கேடு வரும்போது நிலைமை வேறு.

4. புலன், மரபணு. பார்வையற்ற குழந்தைகள் சிலர் விரலால் கண்ணை அழுத்துவார்கள். விழித்திரை இயங்கும் நிலையில் இருந்தால் அந்த அழுத்தமே ஒளிப்பொறிகளைத் தரும். ரெட் நோய்க்குறி என்ற நரம்பு வளர்ச்சிக் கோளாறில் கைகளைப் பிசைந்துகொண்டேயிருப்பது ஒரு மரபணு மாற்றத்தின் விளைவு.

தனக்குத் தானே காயம் செய்துகொள்ளும் ஒன்பது பேரை வைத்து நடத்தை ஆய்வாளர் பிரையன் இவாட்டா குழுவினர் 1982-இல் செய்த ஆய்வை இங்கே சொல்ல வேண்டும். ஒவ்வொருவரையும் வெவ்வேறு சூழலில் வைத்து, எப்போது அது கூடுகிறது என்று பார்த்தார்கள். ஒருவர் பிடிக்காத வேலையிலிருந்து தப்பிக்கச் செய்தார். இன்னொருவர் தனியே விடப்பட்டபோது செய்தார். வெளியே தெரிந்தது ஒன்றேபோன்ற அடி, தேவைப்பட்ட சிகிச்சையோ ஆளுக்கு ஆள் வேறு. ஜெர்பில் சொன்னதையே வேறு பாஷையில் கேட்பதுபோல் இருக்கிறது.

## அப்படியானால் ஆடாத விலங்கு நலமா?

பண்ணை, ஆய்வகம், காட்சிச் சாலை எல்லாவற்றிலுமாக உலகில் 8.5 கோடிக்கும் மேற்பட்ட விலங்குகளிடம் மாறாச் செய்கை இருப்பதாக மேசனும் நவோமி லேதமும் 2004-இல் மதிப்பிட்டார்கள். அதே கட்டுரையில்தான் பலருக்கும் தொண்டையில் சிக்கும் முடிவும் இருந்தது. மாறாச் செய்கையைத் தூண்டும் இடங்கள் பொதுவாக மோசமான இடங்கள். ஆனால் அதே மோசமான இடத்தில், அதைச் செய்யும் விலங்கைவிடச் செய்யாத விலங்கின் நிலை பல நேரங்களில் இன்னும் மோசம்.

எப்படி? அவர்கள் சொன்ன வழிகள் இவை:

1. தானே உருவாக்கிக்கொள்ளும் நிவாரணம். கன்று நாக்கைச் சுழற்றும்போது மறுக்கப்பட்ட மெல்லுதலில் கொஞ்சமாவது கிடைக்கிறது.
2. மந்திர ஜபம்போல, திரும்பச் செய்வதே மனத்தை அமர்த்துவது.
3. பழகிப்போன தடம். காரணம் எப்போதோ போயிருக்கும், சிறு தூண்டுதலிலேயே உடல் அந்தத் தடத்தில் விழுந்துவிடும்.
4. தழும்பு. பழைய கொடுமை மூளையில் விட்டுச்சென்ற வடு, இன்றைய நல்ல இடத்திலும் தெரிவது.

கடைசி இரண்டும் சேர்ந்து ஆய்வாளரை ஏமாற்றும். வோல் என்ற சிற்றெலி இனத்தில் 1996-இல் செய்த சோதனையில், இளம் எலிகளை வசதியான கூண்டுக்கு மாற்றியதும் மாறாச் செய்கை குறைந்தது, வயதானவற்றிடம் அந்த அளவுக்குப் பலன் இல்லை. ஆகவே மீட்கப்பட்டுச் சரணாலயத்துக்கு வந்த யானை இன்னும் ஆடுகிறது என்பதை வைத்துச் சரணாலயத்தைக் குற்றம்சாட்ட முடியாது. அமைதியாக மூலையில் படுத்திருக்கும் விலங்கைக் காட்டி ஒரு காட்சிச் சாலை பெருமைப்பட்டுக்கொள்ளவும் முடியாது. விழித்தபடியே அசையாமல் கிடப்பது ஓய்வாகவும் இருக்கலாம், எதிலும் நாட்டம் அற்றுப்போன நிலையாகவும் இருக்கலாம்.

## நிறுத்தப் பார்த்தவர்கள்

மரம் கவ்வும் குதிரையின் கழுத்தில் இறுக்கமான பட்டை கட்டுவது பழைய வழி. பட்டை இருக்கும்வரை கவ்வாது, கழற்றியதும் முன்பைவிட அதிகமாகக் கவ்வும் குதிரைகள் உண்டு. நிவாரணத்தைப் பிடுங்கிவிட்டு வலியை அங்கேயே விட்டுவைத்ததுபோல் ஆகிவிடுகிறது.

சூழலை வளமாக்குவது இன்றைய முதல் வழி: உணவை ஒளித்துவைப்பது, மறைவிடம், ஏறும் மரம், தேர்ந்தெடுக்கும் உரிமை. நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க் காட்சிச் சாலையில் கஸ் என்ற பனிக்கரடி 1994-இல் குளத்தில் எட்டு வடிவில் ஓயாமல் நீந்தியது உலகச் செய்தியானது. நடத்தைப் பயிற்சியாளரை அழைத்தார்கள், புதிர்போல் திறந்து எடுக்க வேண்டிய உணவும் விளையாட்டுப் பொருட்களும் வந்தன. நீச்சல் குறைந்தது, முற்றாக நிற்கவில்லை. 2013-இல் கஸ் இறந்தபோதும் செய்திகள் அந்த எட்டு வடிவத்தைத்தான் நினைவுகூர்ந்தன. பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்களின் கணக்கும் ஏறக்குறைய இதே சுருதிதான்: வளமாக்கல் பாதித் தடவை பலன் தருகிறது.

சட்டத்தின் வழி இன்னொன்று. சினைப் பன்றியை உடல் திருப்ப முடியாத இரும்புக் கூண்டில் நிறுத்தினால் அது மணிக்கணக்கில் கம்பியைக் கடிக்கும், வெறும் வாயை மெல்லும். சினையின் முதல் நான்கு வாரங்களுக்குப் பிறகு அப்படி அடைத்துவைப்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2013 ஜனவரி 1 முதல் தடைசெய்தது. கம்பி போனால் கம்பி கடிப்பதும் போகும். ஆனால் கொழுத்துவிடாமலிருக்க அந்தப் பன்றிகளுக்கு அளவாகத்தான் தீவனம் தருகிறார்கள், தொட்டி சில நிமிடங்களில் காலியாகிவிடும். திறந்தவெளியில் விட்ட பன்றிகளும் கல்லை வாயில் போட்டு மென்றுகொண்டிருப்பதைப் பார்த்திருக்கிறார்கள். அந்தச் சட்டத்திலேயே இன்னொரு விதி இருப்பது அதனால்தான்: பசியைத் தணிக்கவும் மெல்லும் தேவையைக் கருதியும், சினைப் பன்றிகளுக்குப் பருமனான அல்லது நார் மிகுந்த தீவனம் போதிய அளவு தரப்பட வேண்டும்.